ஷெரில் நாள் குறித்த பேரிங்

ஈக்காட்டுத்தாங்கலில் ஷெரில் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில், விமான என்ஜின் பேரிங்குகளை அசுர வேகத்தில் சுழலவிட்டு, எது எப்போது கெடும் என்று முன்கூட்டியே சொல்வார்கள். ஜோசியம்தான், கிளிக்குப் பதில் சென்சார். மெஷின் மேல் திருகியிருக்கும் அந்தக் குட்டிச் சாமான் அதிர்வைக் கேட்டுத் திரையில் கோடாகக் காட்டும்; பேரிங் கெடக் கெடக் கோடு ஏறும்.

இப்போது ஓடும் பேரிங் இந்த வாரத்தைத் தாண்டாது என்றது ஷெரில் எழுதிய புது புரோகிராம். அவளும் மேனேஜர் கல்யாணராமனிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். பலித்தால் இனி உன் புரோகிராம், பலிக்காவிட்டால் பழைய முறை என்றார் அவர். ஒரு பேரிங் சாக வேண்டும் என்று மாதாவிடம் எப்படி வேண்டிக்கொள்வது? அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு நிறுத்திய மெஷினை மறுநாள் ஓட்டினால், ஏறிக்கொண்டிருந்த கோடு சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை வரை அசையவில்லை.

"இன்னாம்மா, நீ நாள் குறிச்சது உன் பேரிங்குக்குத் தெரியாதா?" என்றார் டெக்னீஷியன் கலீமுல்லா.

இந்த ரக பேரிங் நல்லதென்று எழுதி அனுப்பிவிடலாம் என்று கல்யாணராமன் கிளம்பினார். ஷெரில் அவரை மறித்தாள். புரோகிராம் போனால் போகிறது, இது வானத்தில் பறக்கிற சமாசாரம். ஒரே ஒரு தரம் மெஷினை நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள்.

சென்சாரைத் தொட்டாள். லேசாக ஆடியது. கழற்றினால், அடியில் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம்.

வைத்தவள் அவளேதான். பூஜையன்று ஆளுக்கொரு பொட்டு வைத்தார்கள். மாதா கோயிலுக்குப் போகும் சாந்தோம்காரி மட்டும் சளைத்தவளா? சென்சாரைக் கழற்றித் துடைத்தபோது, அடியில் பளபளவென்றிருந்த இடத்தில் தாராளமாக அப்பி, அதன் மேலேயே திருகிவிட்டிருந்தாள். காதில் சந்தனத்தை அடைத்தால் யாருக்குத்தான் கேட்கும்?

சுரண்டித் துடைத்து மறுபடி ஓட்டினார்கள். கோடு விறுவிறுவென்று ஏறிச் சிவப்பு எல்லையைத் தொட, மெஷின் தானே நின்றது. பிரித்தால், பேரிங்கின் உள்வளையத்தில் நகக்கண் அளவு உலோகம் பெயர்ந்திருந்தது. கலீமுல்லா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்று கேட்டார் கல்யாணராமன். ஷெரில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"நான்தான் சார், சென்சாருக்கு அடியில பொட்டு வெச்சிட்டேன்."

அவர் அவளையும் சந்தனத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த ரக பேரிங் பறக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உன் புரோகிராமே ஓடட்டும்மா. அடுத்த வருஷம் நீ பொரிகடலையோட நிறுத்திக்கோ."