வேலிக்கென்று நட்ட பூவரசு

எங்கள் கரையில் மீன் வெட்டும் பெண்களுக்கு நிழல் மேற்கிலிருந்துதான் வரவேண்டும். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு நாள் முழுக்க அங்கே நின்று பார்த்தால் போதும். காலையில் ஏல மண்டபத்தின் நிழல் அவர்கள் மேல் விழும். பதினொரு மணிக்கு அது சுருங்கி மண்டபத்தின் காலடிக்குப் போய்விடும். வேலை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். ஏலத்தில் போகாத மீன் எல்லாம் கருவாட்டுக்கு வரும். பதினொரு பெண்கள் நாலு மணி வரை குந்தியிருந்து வெட்டுவார்கள். உச்சி சாய்ந்ததும் சூரியன் மேற்கில், கடல் பக்கத்தில் நிற்கும். ஆகவே மரமும் கடல் பக்கத்தில் நிற்கவேண்டும். அங்கே, உப்புக் காற்றின் வாயில், எந்த மரம் நிற்கும் என்பதுதான் கேள்வி.

கூரை போட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு தரம் சோழகக் காற்று தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டாம் தரம் தகரம் ஒரு கழுதைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. கழுதை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் என் அம்மா, அன்ரோனெற். பத்தொன்பது வருடமாக அங்கே வெட்டுகிறார். போன ஆடி மாதம் ஒரு சீலாவைப் பாதி வெட்டியபடி கத்தியோடு சாய்ந்துவிட்டார். இனி வெயிலில் இருக்கக்கூடாது, அடுத்த தரம் எழும்புவது நிச்சயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பா அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொன்னார். அம்மா அவரோடு பேரம் பேசினார். மாரியும் வாடையும் முடியும் வரைக்கும் வெயில் பெரிதாக இல்லை, அதுவரை போகிறேன், சித்திரைக்குள் தலைக்கு மேலே நிழல் வராவிட்டால் கத்தியைக் கழுவி வைக்கிறேன் என்றார். அப்பா சம்மதித்தார். அம்மாவை வீட்டில் இருத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பேச ஆளில்லாமல் அப்பாவையும் என்னையும் பேசியே கொன்றுவிடுவார், அல்லது பேச்சை விட்டுவிடுவார். இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

புரட்டாதியில் கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு மண்டபத்தைச் சுற்றி மரம் நட உதவி தந்தது. ஆனி மாதம் வந்து பார்ப்பதாகவும் சொன்னார்கள். கடற்றொழில் சங்கத் தலைவர் சிங்கராசா மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், நேரே நுஃமான் நானாவின் மரக்கன்றுத் தோட்டத்துக்கு வந்தார். நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இரண்டு வருடமாக அங்கேதான் வேலை செய்கிறேன். மாமாவுக்கு அசோகா வேண்டும். கொழும்பில் ஒரு ஹோட்டல் வாசலில் ஊசி ஊசியாக வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு, ஆள் உயரத்தில்.

கன்று விற்கும் இடத்தில் நல்ல பாடம் செத்த கன்றுகள்தான். வாங்கிக்கொண்டு போனவர்கள், நாங்கள் கொன்றதுபோல, காய்ந்த குச்சியைத் திரும்பக் கொண்டுவந்து காட்டுவார்கள். எந்தப் பக்கக் காற்று, எந்தக் கிணற்றுத் தண்ணீர், எந்த மாதம் நட்டது என்று நான் கேட்டு வைப்பேன். அதனால் எனக்கு அசோகாவைத் தெரியும். அது தன் காலடிக்கே நிழல் தராது. கடல் காற்றில் இலை ஓரத்திலிருந்து கருகும். வேம்பு நல்ல மரம், ஆனால் முதல் வரிசையில் நட்டால் காற்றுப் படும் பக்கம் முழுக்க மொட்டையாகிவிடும். உடை மரம் எதையும் தாங்கும், ஆனால் கீழே முள் கொட்டும், பெண்கள் வெறுங்காலோடு இருப்பவர்கள். வாகை சோழகத்தில் முறியும். பெருக்கமரம் வெயில் காலத்தில் இலை இல்லாமல் நிற்கும், அம்மாவுக்கு நூறு வருடம் காத்திருக்கவும் முடியாது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் பூவரசு மட்டும் மிஞ்சும். அதன் வேர் உப்புக்குப் பயப்படாது. இலை அகலம். எல்லாவற்றையும்விட முக்கியம், அதைக் கன்றாக நட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. கை மொத்தக் கிளையைக் கதியாலாக வெட்டி நட்டால் அந்த உயரத்திலேயே தழைக்கும்.

நான் இதை நுஃமான் நானாவிடம் சொன்னேன். அவர் கன்றுப் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கேட்டதைக் குடுத்தா அது வியாபாரம், தங்கச்சி. கேளாததைக் குடுத்தா அது பள்ளிவாசல்ல செய்யிற பயான். எனக்குப் பயான் பண்ண வராது. நீ வேணுமெண்டா போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். சிங்கராசா மாமா கோபிக்கவில்லை, சிரித்தார். பூவரசு வேலிக்கு நடுகிற மரம், வருகிறவர்களை ஒரு வேலி பார்க்கவா கூப்பிட்டோம் என்று நினைப்பார்கள் என்றார். எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வேலியில் நிற்கிற மரத்தை மரம் என்று யாரும் எண்ணுவதில்லை. அது வேலி, அவ்வளவுதான். 

மாமாவுக்குச் சொல்லவேண்டிய பதில் வீட்டுக்கு நடக்கும்போது எதிரில் வந்தது. நாலு கழுதைகள், ஒரு மதிலுக்கு மேலால் கழுத்தை நீட்டி யாரோ வளர்த்த செவ்வரத்தைச் செடியைத் தின்றுகொண்டிருந்தன. அடுத்த நாள் மாமாவிடம் போய், அசோகாக் கன்றுகளைக் கழுதைகள் ஒரே கிழமையில் முடித்துவிடும், சுற்றிவர வேலி போடவேண்டும் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார். பூவரசங் கதியால் நான் கொண்டுவருகிறேன், அதில் பழைய வலையைக் கட்டலாம் என்றேன்.

"வேலிக்கெண்டால் பூவரசு திறம்" என்றார் மாமா.

நானாட்டான் ஊரில் ஒருவர் மதில் கட்டுவதற்காகத் தன் பழைய வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். நானாவின் லான்ட்மாஸ்டர் உழவு மிசினில் போய் நாற்பது கதியால் ஏற்றி வந்தேன். மெல்லியவை மற்ற மூன்று பக்கத்துக்கும். என் கை மொத்தத்தில், எட்டு அடிக்குக் குறையாமல், வளைவில்லாத ஏழு கதியாலை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். அடியைச் சரிவாக வெட்டி, நாலு நாள் நிழலில் சாய்த்துப் பால் வற்றவிட்டு, நுனிவெட்டு காயாமல் சாணி அப்பினேன். ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள் இரும்பு அலவாங்கால் ஆழமாகக் குழி போட்டு அந்த ஏழு கதியாலையும் கடல் பக்கத்தில், பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக நட்டேன்.

மீன் வெட்டுகிற றோஸ்மேரி அக்கா இடுப்பில் கை வைத்து நின்று இடைவெளியைப் பார்த்தார்.

"உதுக்குள்ளால கழுதை என்ன, கழுதையின்ர கலியாண ஊர்வலமே போகும். வேலி போடுறியோ, வாசல் போடுறியோ?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். வலை கட்டினால் சரியாகும் என்று மட்டும் சொன்னேன். அம்மாவிடம்கூட நான் விசயத்தைச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் பதினொரு பேரிடம் சொன்னது மாதிரி.

வலை கட்டிய வேலிக்கு உள்ளே நட்ட பன்னிரண்டு அசோகாவும் மாரி முழுக்க அழகாகத்தான் நின்றன. மாசியில் மழை விட்டது, கிணறு உவர்த்தது. அப்போதுதான் கரைக்கே ஒரு யோசனை வந்தது. மீன் பெட்டிகளில் ஐஸ் உருகித் தண்ணீர் வீணாக ஓடுகிறதே, அதை மரத்துக்கு ஊற்றலாம். ஐஸ் நல்ல தண்ணீரில் செய்வதுதானே. ஒவ்வொரு நாளும் ஏலம் முடிய வெள்ளை றெஜிபோம் மீன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் அசோகாவின் அடியில் கவிழ்த்தார்கள். நான் அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். மீன் கடல் தண்ணீரில் கழுவித்தான் பெட்டிக்குள் போகிறது. உருகி வடியும்போது அந்த உப்பும் சேர்ந்துதான் வடியும். மாமாவிடம் இரண்டு தரம் சொன்னேன். ஐஸ்காரன் என்ன உப்பிலயோ ஐஸ் செய்கிறான் என்று கேட்டார். பங்குனியில் இலை ஓரம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் கூட ஊற்றினார்கள். சித்திரை பிறந்தபோது பன்னிரண்டு விளக்குமாறுகள் வரிசையாக நின்றன.

அதே தண்ணீர் சரிவில் ஓடி பூவரசுக்கும் போனது. பூவரசு அதைக் குடித்துத் தழைத்தது. ஏழு கதியாலின் தலையிலும் ஒவ்வொரு குடை. இரண்டு மணிக்கு ஏழு வட்ட நிழல் மணலில் விழுந்தது. முதலில் வெட்டுக்கட்டையை இழுத்துக்கொண்டு போனது அம்மாதான். ஒரு கிழமைக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பதினொரு பேருக்கு ஏழு நிழல் என்பதால் முதல் நாள் சண்டை, இரண்டாம் நாள் முறை வகுத்தார்கள். அப்பா ஒரு பின்னேரம் வந்து, அம்மா நிழலுக்குள் இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். கத்தியைக் கழுவி வைக்கும் கதை பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

ஆனி பிறந்ததும் சிங்கராசா மாமாவுக்கு நித்திரை போய்விட்டது. வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு கிழமை. விளக்குமாறுகளைப் பிடுங்கி, வேலியையும் கிளப்பி எறிந்துவிட்டு, வளர்ந்த அசோகாவாகப் பன்னிரண்டைப் புதிதாக நடச் சொல்லி நானாவுக்குச் சொல்லி அனுப்பினார். நானா என்னையும் கூட்டிக்கொண்டு இடம் பார்க்கப் போனார். நாங்கள் போய்ச் சேரும்போது பட்டப்பகல் இரண்டு மணி. இரண்டு பேர் அலவாங்கோடு மேற்கு வரிசையின் முதல் பூவரசடியில் நின்றார்கள். அதன் கீழே அம்மா ஒரு பாரையின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. மற்றப் பெண்களும் எழும்பவில்லை. மாமா ஒரு கதிரையைப் போட்டு வெயிலில் இருந்தபடி, மரம் செத்தால் வேலி எதற்கு, இது வேலி மட்டும்தானே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

 இந்த முறை பதிலுக்காக நான் வீடு வரை நடக்கவேண்டியிருக்கவில்லை.

"இது வேலி இல்லை, மாமா" என்றேன். "நான் மரமாத்தான் நட்டனான். வேலி எண்டு சொன்னது பொய்."

அம்மாவின் கத்தி நின்றது.

"என்னை ஏமாத்தினியோ?" என்றார் மாமா.

"ஓம் மாமா. மரமெண்டு கேட்டனான், நீங்கள் விடேல்லை. வேலியெண்டு கேட்டவுடன விட்டியள். அம்மாவுக்குச் சித்திரைக்குள்ள நிழல் வேணும். வேற வழி எனக்குத் தெரியேல்லை."

அலவாங்குக்காரர் இரண்டு பேரும் மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள். மாமா நானாவைப் பார்த்தார். அசோகா விற்றால் நானாவுக்குத்தான் லாபம். நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு, இந்தப் பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பன்னிரண்டு கன்றைத் திரும்பவும் சாகக் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை என்றார்.

மாமா எழும்பினார். வேர்வையில் அவரது சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பூவரசின் நிழலுக்குள் போட்டு இருந்தார்.  காற்று இலைக்குள்ளால் போனது. அவர் சேட் காயத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

"வாறவைக்கு என்னத்தைக் காட்டுறது?" என்றார் கடைசியாக.

"இவையைக் காட்டுங்கோ" என்றேன். "இந்த வெயிலுக்க பதினொரு பேர் நிழலில இருந்து மீன் வெட்டுகினம்."

"பின்னுக்கு, றோட்டுப் பக்கம் வெறுமையாக் கிடக்கே?"

"மண்டபம் காத்தை மறைக்கிற இடம் அது. அங்க வேம்பு வரும். ரெண்டு புளியும் வைக்கலாம். ஆனா இப்ப இல்லை, ஐப்பசியில."

"அவை இந்த ஆனியிலயே வருகினமடி."

"மரம் ஐப்பசியிலதான் வரும், மாமா."

றோஸ்மேரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமாவும் சிரித்தார் என்று சொல்லமாட்டேன். உதடு ஒரு பக்கம் போய் வந்தது. அலவாங்கைக் கொண்டுபோய் மண்டபத்துக்குள் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகும் அவர் எழும்பவில்லை. கதிரையில் நன்றாகச் சாய்ந்து காலையும் நீட்டினார்.

அம்மா பாரையைப் பிளாஸ்டிக் பேசினுக்குள் போட்டுவிட்டு அண்ணாந்து சூரியனைப் பார்த்தார்.

"அண்ணை, கதிரையை அங்கால கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ" என்றார். "மூண்டு மணிக்கு நிழல் அதிலதான் விழும். அது என்ர இடம்."

மாமா கதிரையைத் தள்ளிப் போட்டார். அம்மா கட்டையை இழுத்து வைத்து அடுத்த மீனை எடுத்தார்.