இரண்டாம் எண் கயிறு

ஐல்சா எட்டாவது சீட்டில் பெயரை எழுதி முடித்துவிட்டு, இரண்டாவது சீட்டை மறுபடி கையில் எடுத்தாள். உள்ளங்கை அகல அட்டை. கறுப்புக் கரைக்குள் சவப்பெட்டியின் படம், சுற்றிலும் எட்டுக் கோடுகள், எட்டு எண்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது எந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்பதற்கான சீட்டு. தலைமாட்டில் ஒன்றாம் எண், அது அவளுடையது. கால்மாட்டில் இரண்டாம் எண், அது இறந்தவரின் தம்பிக்கு. அந்த ஒன்றில் மட்டும் பெயர் எழுதாமல் வைத்திருந்தாள்.

அவளுடைய அப்பா வாட்டி ஸ்லேட்டர் செவ்வாய்க்கிழமை இறந்தார். இன்று சனிக்கிழமை. பதினோரு மணிக்கு அடக்கம்.

ஒன்பதரைக்குக் கொல்லைக் கதவு திறந்தது. சித்தப்பா ஆலிக். பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் கால் வைக்காதவர், இப்போதும் வைக்கவில்லை. படியிலேயே நின்றார்.

"தேநீர் சாப்பிடுகிறீர்களா, சித்தப்பா?"

"பேச்சப் பாரு. ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி. உங்கப்பன் செலவழிச்ச காசு வீணாப் போகல, புள்ள."

அப்பா பகல் முழுக்க மாடியில் உட்கார்ந்து இந்தத் துறைமுகத்தின் பேச்சில் எழுதுவார். மாலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். "திருத்திச் சொல்லு." திருத்திச் சொன்ன பிறகுதான் கரண்டி மேலே எழும். அந்தப் பேச்சுக்காகப் பள்ளிக்கூடத்தில் தோல்வாரால் அடி வாங்கியவர் அவர். மகளும் வாங்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். அவள் பள்ளிக்குப் போன காலத்தில் தோல்வார் அடியே ஒழிந்துவிட்டிருந்தது.

அவருடைய முதல் நாவலைச் சாக்கடைப் பேச்சு என்று எடின்பரோவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். இப்போது அது பள்ளிப் பாடம். ஊரில் மட்டும் அதை யாரும் வாங்கவில்லை. நாம பேசுறத நம்மகிட்டயே விக்கிறானா என்று கேட்டார்கள்.

ஆலிக்கின் பார்வை மேசைமேல் இருந்த நிகழ்ச்சி நிரலில் நின்றது. "நூத்திப் பன்னெண்டாம் பக்கத்த வாசிக்கப் போறீங்களாமே?"

"எடின்பரோவிலிருந்து வருகிறவர்கள் போட்டது அது. எனக்குத் தெரியாது."

"அத வாசிச்சா நான் கயிறு பிடிக்க மாட்டேன்."

இருபது வருஷத்துக்கு முன்னால் ஆலிக்கின் மகன் ஃபெர்கஸ் படகோடு கடலில் காணாமல் போனான். அன்று மாலை ஆலிக் இதே அடுக்களையில் உட்கார்ந்து ஏதேதோ பேசினார். கம்பளி எடுத்து வருகிறேன் என்று அப்பா மாடிக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். கம்பளி இல்லை. விரலில் மை இருந்தது. இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. மதுக்கடையில் யாரோ அதன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஆலிக்குக்கு வாசித்துக் காட்டினார்கள்.

"வாசிக்க மாட்டார்கள், சித்தப்பா. நான் சொல்லிவிடுகிறேன்."

அவர் கையை நீட்டினார். அவள் சீட்டில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தாள். சீட்டைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்.

தேவாலய வாசலில் எடின்பரோ இலக்கிய மன்றத்து ரோவெனா அவளைக் கட்டிக்கொண்டாள். பின்னால் வானொலிக்காரர் ஒருவர் ஒலிவாங்கியோடு நின்றார்.

"அந்தப் பக்கம் வேண்டாம், ரோவெனா."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், புரியுது. நீங்க வாசிக்க வேண்டாம், நானே வாசிச்சிடுறேன்."

"யாருமே வாசிக்க வேண்டாம் என்கிறேன்."

"அச்சடிச்சாச்சேம்மா. அதோட, அது இனிமே உங்க குடும்பத்து விஷயம் இல்ல. இந்த நாடு தன்னோட குரலைக் கண்டுபிடிச்ச பக்கம் அது."

ஒப்பந்தங்கள் எழுதுவதே ஐல்சாவின் தொழில். மறுப்பதற்குப் பதினைந்து விதமான வாக்கியங்கள் அவளிடம் இருந்தன. மணி அடித்தது. ஒன்றையும் சொல்லாமல் உள்ளே போனாள்.

கல்லறைத் தோட்டத்தில் கடல் காற்று. அடக்கம் செய்விக்கும் மில்ன் எட்டுப் பேரையும் அவரவர் இடத்தில் நிறுத்தினார். "கயித்தத் தளர்வாப் பிடிங்க. கையில சுத்திக்காதீங்க. நான் தலையாட்டுனதும் உள்ள விட்டுடணும்."

பெட்டி இறங்கியது. அடியைத் தொட்டதும் போதகர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். ரோவெனா முன்னால் வந்து தாளை விரித்தாள். ஐல்சா குழிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆலிக்கைப் பார்க்கவில்லை.

ரோவெனா ஊர்ப்பேச்சில் வாசித்தாள். தொண்டையைக் கரகரப்பாக்கி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து வாசித்தாள்.

"நாடகத்துல மீன்காரி வேஷம் கட்டுனவ மாதிரியே இருக்கு" என்று பின்வரிசையில் ஒரு குரல். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"நிறுத்தும்மா."

ஆலிக். கயிற்றைப் பிடித்தபடி குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி இல்ல அது." அவரே சொல்லத் தொடங்கினார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அவன் காலுறை அடுப்புப் பக்கத்துல காயுது. நான் எடுக்க மாட்டேன். அவங்கம்மாவும் எடுக்கக் கூடாது. எடுத்துட்டா, அவன் வரலன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும். ஈரக் காலோட வரட்டும். தரையெல்லாம் ஈரமாக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஊர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒலிவாங்கி மெல்ல அவர் பக்கம் நீண்டது.

"வாட்டி, எங்க போற? கம்பளி வேணாம். கொஞ்ச நேரம் எங்கூட உக்காரு."

அவ்வளவுதான். மில்ன் தலையாட்டினார்.

ரோவெனா தாளில் விரலை ஓட்டிவிட்டு ஐல்சாவின் காதருகே குனிந்தாள். "கடைசி வரி புத்தகத்துல இல்லையே, அவரா சேர்த்துக்கிட்டாரு போல. ஆனாலும் அண்ணன் எழுத்தை என்னமா மனப்பாடம் பண்ணி வச்சிருக்காரு! எத்தனை தடவை படிச்சிருப்பாரு?"

"அவர் படித்ததே இல்லை" என்றாள் ஐல்சா. அவளுடைய உச்சரிப்பில் ஒரு பிசிறும் இல்லை.

அவள் தன் கயிற்றை விட்டாள். பெட்டியின் மேல் அது விழும் சத்தம் லேசாகக் கேட்டது. மற்றவர்களும் விட்டார்கள். ஏழு கயிறுகள் உள்ளே கிடந்தன. மிச்சமிருந்த ஒன்று, படகைத் துறையில் கட்டுகிறவர்கள் சுற்றுவது போல, ஆலிக்கின் கையில் மூன்று சுற்று இறுகியிருந்தது. மில்ன் அவர் பக்கத்தில் போய், கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.