கட்டைவிரல் தப்பு

ஒரகடம் ரோட்டிலிருந்த ஒரு வயரிங் கம்பெனி நாற்பத்து மூன்று பெண்களை ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்தியது. ஏழு வருஷம் லைனில் நின்ற மெர்சியும் அதில் ஒருத்தி. மறுநாள் காலையே கேட்டுக்கு எதிரே தார்ப்பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவளோடு லைனில் நின்ற செந்தாமரை பாட்டுக் கட்டிப் பாடினாள். செந்தாமரையின் அண்ணன் பகலவன் தப்புப் பறை அடித்தான். ஷிப்ட் பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டார்கள்.

நாலாம் நாள் கம்பெனி கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கிவந்தது. மைக் கூடாது, தப்பு கூடாது. இன்ஸ்பெக்டர் தப்பை ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மெர்சி தன் ஊரான மண்ணூருக்குப் போய், சர்ச்சில் தான் வாசிக்கும் கிடாரை எடுத்துவந்தாள். எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வருடிப் பார்த்தாள். லாரிச் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. தாளமில்லாமல் செந்தாமரையின் பாட்டும் நொண்டியது. மெர்சிக்கு ஆத்திரம் பொங்கிவந்தது. கம்பி மீட்டும் பிளாஸ்டிக் வில்லையை வீசி எறிந்துவிட்டு, கட்டைவிரலால் தடித்த கம்பியை ஓங்கி அடித்தாள். தம், தம் என்று அது விடாமல் நடந்தது. அதன்மேல் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பாட்டை எடுத்தன. ஏழு வருஷம் வயர் முனைகளை ஓட்டையில் செருகிய விரல்கள். வேகத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

செந்தாமரை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தாளமும் அதுலயே கீதுடி! வுடாத, அடி!"

இன்ஸ்பெக்டர் திரும்ப வந்தார். "தப்பு அடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"எங்க சார் கீது தப்பு? நல்லா தேடிப் பாருங்க," என்றாள் மெர்சி. கட்டைவிரல் நிற்கவில்லை. தடை உத்தரவில் கிடாரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் முகம் சிவந்து அவர் திரும்பிப் போனார்.

ஆதரவு சொல்லச் சென்னையிலிருந்து வந்த கிடார் வாத்தியார் ஃபிரடி அசந்துபோனார். "அமெரிக்காவுல கறுப்பின ஜனங்க வாசிச்ச ப்ளூஸ் மாதிரியே இருக்கும்மா. ஆனா கட்டைவிரல் தப்பா விழுது."

"ஆமா சார், தப்புதான் விழுது. அதத்தான் புடுங்கிக்கினு போனாங்க."

அவர் தார்ப்பாயில் உட்கார்ந்து அவள் கையைப் பார்க்கத் தொடங்கினார்.

பத்தொன்பதாம் நாள் கம்பெனி இறங்கிவந்தது. எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மெர்சியிடம் மட்டும் ஒரு தாளை நீட்டினார்கள். இனி எந்தக் கேட்டிலும் வாசிக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நீ இல்லாம நாங்களும் போவ மாட்டோம்," என்றாள் செந்தாமரை.

"பைத்தியமா? போங்கடி. உள்ள நம்ம ஆளுங்க இருக்கணும்." கையெழுத்துப் போடாமல் தாளை நாலாக மடித்து மேனேஜர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள் மெர்சி.

இப்போது அவள் வல்லக்கோட்டையில் ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு மதியங்களில் கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் கிடாரோடு அவளிடம் கற்றுக்கொள்ளத் தேடி வருகிறார்கள். கம்பெனி கேட்டில் பிறந்த அந்த வாசிப்புக்கு அவர்களே 'கேட்டடி' என்று பேர் வைத்துவிட்டார்கள். போன மாசம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனி வாசலில் ஐந்து பெண்கள் ஐந்து கிடாரோடு உட்கார்ந்தார்கள். மெர்சி லீவு போட்டுவிட்டு ஆறாவதாகப் போய் உட்கார்ந்தாள்.