ஷார்ஜா கூலண்டும் அஞ்சு லிட்டர் ஆற்றுத் தண்ணியும்

என் வீட்டுக்காரர் முகம்மது மைதீன் ஷார்ஜாவில் கார் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மூன்று தடவை ஊருக்கு வந்திருக்கிறார். மூன்று தடவையும் அவரை அழைக்க மேலப்பாளையத்திலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வேன் போனது. வேனில் பதினான்கு பேர். அவருடைய உம்மா, அதாவது என் மாமி, நடு சீட்டில், கொழுந்தன் சிராஜுதீன் டிரைவருக்குப் பக்கத்தில், யார் வீட்டுப் பிள்ளைகள் என்றே தெரியாத பிள்ளைகள் ஜன்னலோரங்களில். கட்டிய பெண்டாட்டியான நான் கடைசி சீட்டில், ஸ்டெப்னி டயருக்குத் துணையாக. திரும்பி வரும்போது எனக்கும் அவருக்கும் நடுவில் நாலு பெட்டியும் ஒரு டிவியும் இருக்கும். அவர் என்னிடம் பேசும் முதல் வார்த்தைக்கு ராத்திரி பதினொரு மணி ஆகிவிடும். கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

இந்தத் தடவை அவரே போனில் சொன்னார். "நீ மட்டும் வா, ஃபர்ஹத். வேனு வேண்டாம். நீயே வண்டிய ஓட்டிட்டு வா."

போன வருஷம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தேன். டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் போய் வருவேன். அதற்கு மேல் போனதில்லை. இப்போது நூற்றைம்பது கிலோமீட்டர். மாமி ஜமீலா பீவி வாசலில் நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் தீர்ப்பைச் சொன்னார்.

"போயிட்டு வா. ஆனா வண்டி வழில ஒரு தடவ நின்னாலும் சரி, அடுத்த வாட்டி பழையபடி வேனுதான்."

எனக்கு இது போதும். வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வது என் பாடு.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது பானட்டைத் திறந்து பார்த்தால், இஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் டப்பாவில் கீழ்க்கோட்டுக்கும் கீழே சேறு மாதிரி ஏதோ கிடந்தது. எட்டிப் பார்த்த சிராஜுதீனுக்கு யோசனை சொல்லாமல் இருக்க முடியுமா?

"மைனி, எதுக்குக் கஷ்டப்படுதிய? குழாயத் திறந்து தாமிரபரணித் தண்ணிய ஊத்துங்க. அல்வாவே அந்தத் தண்ணிலதான் பதமா வருது."

"நான் இஞ்சினுக்குள்ள அல்வா கிண்டலலே. போயி உன் சோலியப் பாரு."

என்னிடம்தான் சரக்கு இருந்ததே! ரெண்டு மாசத்துக்கு முன்னால் கார்கோ பெட்டியில் பால் பவுடர், பேரீச்சம்பழம், தைலம் இவற்றோடு நாலு லிட்டர் கூலண்ட் கேன் ஒன்றும் அவர் அனுப்பியிருந்தார். ரோஸ் கலர். வீட்டில் எல்லோரும் அதைச் சர்பத் என்று நினைத்தார்கள். நல்லவேளை, யாரும் திறக்கவில்லை.

ஆனாலும் கேட்டுவிட்டு ஊற்றலாம் என்று கேனைத் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் டார்லின் எனக்கு ஒரு வயசு இளையவள். எந்தச் சாமானையும் எதற்கு என்று கேட்காமல் விற்க மாட்டாள்.

"கலரப் பாத்து வாங்காதிய அக்கா. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்காரன் இஷ்டத்துக்குப் போடுத சாயம். வண்டியோட வந்த புக்கு எங்க?"

புத்தகம் வண்டிக்குள்தான் இருந்தது, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல். அதில் எழுதியிருந்த வகையும் கேனின் முன்பக்கத்தில் அச்சடித்திருந்த வகையும் ஒன்றே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு என் காருக்குச் சரியானதைத் தேடி அனுப்பியிருக்கிறாரே மனுஷன்!

"உள்ள இப்ப கிடக்கது என்ன வகைன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுகூட இதச் சேத்துராதிய, ரெண்டும் சேந்து கூழாயிரும். பழசப் பூரா இறக்கி, கழுவிட்டு, பொறவு புதுச ஊத்துங்க" என்ற டார்லின், கேனைத் திருப்பினாள். "பின்னால என்னமோ எழுதிருக்கே, என்னது?"

பின்பக்கம் முழுக்க அரபி. நான் ஏழு வயசிலிருந்து குர்ஆன் ஓதுகிறவள். தடங்கல் இல்லாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துக் காட்டினேன்.

"அருமையா வாசிக்கிய அக்கா. அர்த்தம்?"

"அது தெரியாது."

"அண்ணன்ட்ட கேட்டுட்டு ஊத்துங்க. ஊத்துததுக்கு முன்னால கேக்கணும், சரியா?"

கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கடையில் எல்லோரிடமும் 'என் பெண்டாட்டி வண்டி வேலையெல்லாம் அவளே பாக்கா' என்று பெருமையடித்து வைத்திருக்கிறார். அவருக்கே போன் போட்டு டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதா? வேண்டாம். மறுநாள் காலையில் போட்டோ எடுத்து, போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் கேன் மொழுமொழுவென்று இருந்தது. முன்னாலும் பின்னாலும் ஒட்டியிருந்த லேபிள் சீட்டு ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஈரத்துணி.

இது மாமியின் வழக்கம். அரபி எழுத்து எதில் இருந்தாலும் அது தரையில் கிடக்கக் கூடாது, குப்பைக்கும் போகக் கூடாது. பேரீச்சம்பழ டப்பாவோ பால் பவுடர் டின்னோ, பக்குவமாக ஈரம் காட்டி உரித்து பீரோவுக்குள் வைத்துவிடுவார். கேன், கரியும் எண்ணெயுமாகக் கிடக்கும் இடத்துக்குப் போகிறது என்றதும் முந்தின நாளே வேலையை முடித்துவிட்டு, பீரோச் சாவியோடு ஏரலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். திரும்ப மூன்று நாள் ஆகும்.

மூன்று நாள் காத்திருக்கும் பொறுமை எனக்கு எப்போது இருந்தது? டார்லின் போனில் சொல்லச் சொல்ல பழசை இறக்கினேன். ரெண்டு தடவை கழுவிவிட்டு போனை வைத்தேன். ரோஸ் கலர்ச் சரக்கைத் தூக்கும்போது பின்னால் நின்று சிராஜுதீன் கேட்டான்.

"மைனி, தண்ணி கலக்க வேண்டாமா?"

"ஃபாரின் சாமானுக்குப் போயி தண்ணி கலப்பாங்களாலே?"

எங்கள் வீட்டில் அப்படித்தான். ஃபாரின் சென்ட்டைச் சொட்டுச் சொட்டாக எடுப்போம். ஃபாரின் பால் பவுடரில் விருந்தாளி வந்தால்தான் டீ போடுவோம், அதுவும் கெட்டியாக. நாலு லிட்டரையும் அப்படியே கவிழ்த்தேன். காலிக் கேனை டிக்கியில் வைத்தேன். ஃபாரின் கேனையும் நாங்கள் தூக்கிப் போடுவதில்லை.

அவர் வரும் நாளும் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு விமானம் இறங்கும். காலையில் கிளம்பும்போது மாமி அஞ்சு லிட்டர் கேன் நிறைய ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து பின் சீட்டில் வைத்தார். மகனுக்குத்தான். அங்கே கடல் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள், அதில் ருசியே இல்லை என்று ரெண்டு வருஷமாகப் புலம்புகிறார். இறங்கியதும் முதலில் கேட்பது தாமிரபரணித் தண்ணியைத்தான்.

வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் எல்லாம் ஜம்மென்று தாண்டினேன். எனக்கே என்மேல் ஆசையாக இருந்தது. நாகர்கோவிலுக்கு அப்பால் சாலை ஒடுங்கி, வண்டிகள் ஊர ஆரம்பித்தன. வில்லுக்குறி பக்கம் பார்த்தால் சூட்டைக் காட்டும் முள் எழும்பிக்கொண்டிருந்தது. ஏசியை அணைத்தேன். முள் கேட்கவில்லை. சிவப்புக் கோட்டைத் தொடப் போகும்போது வண்டியை ஒரு மரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினேன்.

நின்றுவிட்டது. மாமியின் முகமும், வேனின் கடைசி சீட்டும், அந்த ஸ்டெப்னி டயரும் கண் முன்னால் வந்தன. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பிறகு டார்லினைக் கூப்பிட்டேன்.

"தண்ணி எவ்வளவு கலந்திய அக்கா?"

"தண்ணியா?"

டார்லின் அலறினாள். "கெட்டிச் சரக்க அப்படியேவா ஊத்துனிய? பாதிக்குப் பாதி தண்ணி சேக்கணும் அக்கா! தண்ணிதான் சூட்ட எடுக்கும். இது அதுக்குத் துணைக்கு. அந்த அரபில அதுதான் எழுதிருக்கும்."

ஏழு வயசிலிருந்து ஓதி என்ன புண்ணியம்!

"இப்ப என்ன செய்ய?"

"பானட்டத் திறந்து வச்சிட்டுப் பேசாம இருங்க. மூடியத் தொட்டுராதிய, மூஞ்சில அடிச்சிரும். முக்கா மணி நேரம் கழிச்சி, அடியில இருக்க திருகத் திறந்து பாதிய இறக்கிட்டு, பைய தண்ணி ஊத்துங்க. தண்ணி இருக்குல்லா?"

பின் சீட்டைப் பார்த்தேன். இருந்தது.

பக்கத்து டீக்கடையில் பழைய பக்கெட் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அங்கேயும் ஒரு குடம் தண்ணீர் இருந்தது. உப்புத் தண்ணி, வாயில் வைக்க முடியாது என்று கடைக்காரரே சொன்னார். அதை ஊற்றினால் இஞ்சின் துருப்பிடித்துவிடும்; ஆற்றுத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை. சூடு தணிந்ததும் திருகைத் திறந்தேன். ரோஸ் கலரில் வடிவதைப் பார்த்து ரெண்டு ஆடுகள் ஓடி வந்தன. அது இனிக்கும், குடித்தால் உயிர் போய்விடும் என்று டார்லின் எச்சரித்திருந்தாள். ஒரு கையில் செருப்பை வைத்து ஆட்டை விரட்டிக்கொண்டு, மறுகையால் வடித்ததையெல்லாம் காலிக் கேனில் அடைத்தேன். அப்புறம் ஆற்றுத் தண்ணீரை ஊற்றினேன். இஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி கொஞ்சம் இறக்கி, மறுபடி ஊற்றினேன். ரெண்டு வருஷமாக ஒரு மனுஷன் ஏங்கிக் கிடந்த தண்ணீர் கடகடவென்று உள்ளே போனது. பாதகத்தி என்று என்னையே திட்டிக்கொண்டேன். கேனில் ஒரு தம்ளர் தண்ணீர் மிஞ்சியபோது நிறுத்தி, மூடியை இறுக்கினேன்.

முள் பாதியில் நின்றது. அதற்கப்புறம் அசையவே இல்லை.

ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி நாலரை. தள்ளுவண்டியில் பெட்டிகளோடு தூணோரம் நின்றிருந்தார். கொஞ்சம் கறுத்திருந்தார். மெலிந்தும் இருந்தார். என் கையிலும் கன்னத்திலும் கரி. அந்த நேரம் பார்த்து மாமியின் போன்.

"வண்டி எங்கனயும் நின்னுச்சா பிள்ள?"

பொய் சொல்லியிருக்கலாம். அவரைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்தவளுக்குப் பொய் எதற்கு?

"நின்னுச்சு மாமி. ரெண்டு மணி நேரம். அந்தக் கேன்ல தண்ணி கலக்கணும்னு எழுதியிருந்துச்சாம். நான் கேக்காம ஊத்திட்டேன். பொறவு நானே சரிபண்ணி ஓட்டிட்டு வந்துட்டேன்."

போனில் பின்னால் சிராஜுதீன் 'நான் அன்னைக்கே சொன்னேன்லா' என்று குதிப்பது கேட்டது. "வாய மூடுலே" என்று அவனை அடக்கிவிட்டு மாமி பேசினார்.

"சீட்டக் கிழிச்சது நானு. நீ என்ன செய்வ." குரலைத் தாழ்த்தினார். "போன தடவ அந்த வேனு ரெண்டு தடவ நின்னுச்சு. ரெண்டு தடவையும் இறங்கித் தள்ளுனது நாங்கதான். சரி, பைய ஓட்டிட்டு வாங்க."

அவர் பெட்டிகளை டிக்கியில் அடுக்கிவிட்டு வந்தார். "உம்மா தண்ணி குடுத்து விட்டாங்களா?"

கேனை நீட்டினேன். அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தார். கண்ணை மூடி நின்றார். பிறகு கேனைக் குலுக்கிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"மிச்சம் ரேடியேட்டர்ல கிடக்கு. இன்னும் வேணும்னா வீட்டுக்குத்தான் வரணும். ஏறுங்க."

சிரித்துக்கொண்டே இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். நான் வண்டியைக் கிளப்பினேன். எங்களுக்கு நடுவில் ஒரு பெட்டி கூட இல்லை.