வடக்கே திறந்த வானம்

ஒரே நடையில் தூக்கிக்கொண்டு படியிறங்க முடியாத எதையும் வாங்காதே என்று ஃபைசான் சொல்லியிருந்தான். அதனால் ஸ்ரீரஞ்சனி அன்று வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, மொட்டைமாடியிலிருந்து கீழ்வாசல்வரை தொலைநோக்கியைத் தாங்கும் இரண்டு மவுண்ட்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பெரியதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கால் வைக்கும் படி தெரியவில்லை. சின்னதைத் தொலைநோக்கியோடு சேர்த்துத் தோள்பையில் போட்டுக்கொண்டால் ஒரு கை மிஞ்சியது.

திரும்பி ஏறி வந்தபோது அவள் அப்பா சங்கரன், தங்கள் வீட்டு வாசலில் குனிந்து, மடித்த செய்தித்தாளைக் கதவுக்கடியில் செருகிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"காத்து. கதவு தானா திறந்துண்டுடறது."

அவளுக்குக் காற்று எதுவும் தெரியவில்லை. கை ஓய்ந்திருந்ததால் மேலே கேட்கவும் தோன்றவில்லை.

அடையாறில் நடக்கும் மாலை வகுப்பில் வானத்தைப் படமெடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். தொலைநோக்கியைத் தேர்ந்தெடுப்பது சுலபமாக முடிந்துவிட்டது. முழங்கை நீளத்தில் ஒரு சின்னக் குழல். மவுண்ட்தான் படுத்தியது. பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றோடு தொலைநோக்கியையும் மெல்லத் திருப்பிக்கொண்டு போவது மவுண்ட். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் படத்தில் புள்ளிகள் கோடுகளாகிவிடும். செருப்பு வாங்கினால்கூட மறுநாள் கடைக்குத் திரும்பிப்போகிறவள் அவள். வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரனான ஃபைசான், அதற்காகவே சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கும் தன் மாமாவின் லென்ஸ் கடையிலிருந்து இரண்டையும் ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

சென்னையில் துருவ நட்சத்திரம் மிகத் தாழ்வாக, கூரைகளை ஒட்டித்தான் தெரியும். அபிராமபுரத்தில் அவர்கள் குடியிருப்பின் மாடியிலிருந்து அது தெரிந்ததே இல்லை. வடக்குப் பக்கத்துப் பழைய பங்களாவும் அதன் மாமரமும் மறைத்துக்கொண்டிருந்தன. கோடையில் பங்களாவை இடித்தார்கள். மரம் விழுந்த அன்று மாலை அந்த வெற்றிடத்தில் மங்கலாக ஒரு ஒளிப்பொட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது பங்களா இருந்த இடத்தில், மதில்வரைக்கும் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அடியில் ஊறும் நீரை மோட்டார் இரவும் பகலும் உறிஞ்சி வெளியே தள்ளியது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் மதில்வரை தோண்டச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் அப்பாதான். ஒன்றும் ஆகாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவரும் அவரே.

ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறு வரக்கூடாது என்று மாடியில், மவுண்ட் உட்காரும் ட்ரைபாடின் மூன்று கால்களுக்கும் பெயிண்டால் அடையாளமிட்டு, அதை அங்கேயே நிறுத்திவைத்தாள். மவுண்டை மட்டும் மாற்றினாள். துருவ நட்சத்திரமும் சின்ன வட்டம் போடும் என்பதால் தினமும் அதே நேரத்தில் பார்த்தாள். அச்சை நட்சத்திரத்துக்கு நேராக வைத்து, மட்டம் பார்க்கும் குமிழியைக் கருப்பு வளையத்தின் நடுவே நிறுத்தி, பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டு இறங்குவாள். மறுநாள் பார்த்தால் குமிழி தெற்கே ஒதுங்கியிருக்கும். நட்சத்திரம், விட்ட இடத்துக்குச் சற்று மேலே நிற்கும். வானத்தில் நகராதது என்று எல்லோரும் சொல்லும் ஒன்று, அவளுக்கு மட்டும் தினமும் கொஞ்சம் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னா ரஞ்சனி, மாப்ள பாக்குற மாதிரி இழுத்துக்கினே போற? எது வேணும், சொல்லு," என்றான் ஃபைசான் போனில்.

"ரெண்டுலயும் அதே தப்பு வரது. நான்தான் ஏதோ சரியாப் பண்ணலை."

"ரெண்டுலயும் ஒரே தப்புன்னா மவுண்டு மேல பழி போடாத. ட்ரைபாட யாரோ இடிக்கிறாங்க. துணி காயப்போட யாருனா வராங்களா?"

வருகிறவள் எதிர்வீட்டுக் கோமளம் மாமி. தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு மாமி கொடிக்கயிற்றை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"உன் மூணு கால் பிராணியை நான் எதுக்குடி தொடப்போறேன்? அதைச் சுத்திண்டு போயே எனக்கு முதுகு ஒடியறது. இங்க வா, இதைப் பாரு. மாடியைக் கழுவிவிட்டா ஜலம் தெக்கால குழாய்க்குப் போறதில்லே. எல்லாம் வடக்குச் சுவரண்டை போய் நிக்கறது. பேருதான் செக்ரட்டரி, அடைப்பெடுக்க ஒரு ஆளைக் கூப்பிடத் துப்பில்லை உங்கப்பாவுக்கு."

மாமி இறங்கிப் போனபிறகு ஸ்ரீரஞ்சனி தெற்கு மூலைக்குப் போய்க் குழாய்த் துளைக்குள் விரல்விட்டுப் பார்த்தாள். அடைப்பு இல்லை. விரல் ஈரம்கூட ஆகவில்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "கேஸை மூடினோமான்னு பாதி வழியில திரும்பி வர்ற பொண்ணு நீ. ஸ்க்ரூவைச் சரியா முடுக்கியிருக்க மாட்டே." அது அவளுக்கும் நியாயமாகவே பட்டது. முழங்கால் வலியால் மாதக்கணக்காகப் படியிறங்காத அம்மா, ரசத்தைப் பரிமாறியபடி, "அவதான் இவ்வளவு சொல்றாளே, ஒரு தடவை போய்ப் பாருங்கோளேன்," என்றாள்.

மறுநாள் மாலை அப்பா மேலே வந்தார். "தள்ளு, நானே பண்றேன்." ஒவ்வொரு திருகையும் அவரே முடுக்கி, குமிழியை நடுவில் நிறுத்தினார். நட்சத்திரத்தை அவர் கண்ணாலேயே பார்த்துப் பூட்டினார். மாடிக் கதவைச் சாத்தி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். இனி தவறு தன்னுடையதாக இருக்க வழியில்லை என்பது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். படியிறங்கும்போது இரண்டு தடவை திரும்பி மாடிக் கதவைப் பார்த்தாள்.

அடுத்த மாலை இருவருமாகக் கதவைத் திறந்தார்கள். உறை அப்படியே இருந்தது. அப்பா அதை விலக்கிக் குனிந்தவர், சட்டென்று நிமிரவில்லை. அவர் தோளுக்கு மேலாக அவளும் பார்த்தாள். குமிழி வளையத்தைத் தாண்டிப் போயிருந்தது.

"பூனை," என்றார்.

"பூனை எப்படிப்பா அச்சை நகர்த்தாம ட்ரைபாடை மட்டும்..."

"பூனைதான்." வழக்கமாக வடக்குச் சுவரில் சாய்ந்து பள்ளத்தை வேடிக்கை பார்ப்பவர் அவர். இன்று பின்வாங்கி, மாடிக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "நாளைக்கு இன்ஜினியர்கிட்ட பேசறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சுவிடாதே, ரஞ்சு. நான்தான் எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்."

"மாமிகிட்டயாவது..."

"உனக்கு என்ன தெரியும்? எப்பவாவது நீ பாத்தது சரியா இருந்திருக்கா?"

அவள் துருவ நட்சத்திரத்தைத் தேடினாள். வெறும் கண்ணுக்கு அது அதே இடத்தில்தான் இருந்தது. அது அங்கேயேதான் இருக்கும்; பள்ளத்துப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது கட்டடம்தான். பெரிய மவுண்டை அப்படியே விட்டுவிட்டு, சின்னது இருந்த தோள்பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

படியில் போன் அடித்தது.

"மாமா கடையில கேக்குறாரு. எது, சொல்லிடு."

"சின்னது."

"அப்பாடா! முடிவு பண்ட்டியா? இன்னா காரணம்?"

"ஒரு கை மிஞ்சும், ஃபைசான். அம்மாவைப் பிடிச்சுக்கணும்."

"இன்னா சொல்ற? ரஞ்சனி?"

போனை வைத்துவிட்டுக் கோமளம் மாமி வீட்டு மணியை அழுத்தினாள். மேலே அப்பாவின் காலடி கேட்டது. பாதிப் படியில் நின்றது. உள்ளே மாமி "வரேன், வரேன்" என்று தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் தரையில் ஏதோ உராய்ந்தது. திரும்பினாள். அவர்கள் வீட்டுக் கதவு, அடியிலிருந்த செய்தித்தாளைத் தள்ளிக்கொண்டு, யாரும் தொடாமல், நிதானமாகத் திறந்துகொண்டிருந்தது. உள்ளே விளக்கு வெளிச்சத்தில், மடியில் பீன்ஸ் தட்டோடு அமர்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள்.

"யாரு, வந்துட்டேளா?"