டீச்சர் வீட்டுப் பிள்ளை

சின்னப்பொண்ணு வந்து நின்றபோது செந்தமிழ்ச்செல்வி டீச்சர் ரயில் எஞ்சினாக இருந்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒன்பது பெட்டிகள். ரயிலை நேரில் பார்த்த பிள்ளை அதில் ஒன்றுகூட இல்லை. கச்சிராயபாளையம் டவுன் பஸ்தான் அவர்கள் கண்ட பெரிய வண்டி. அதனால் கடைசிப் பெட்டி மட்டும் பஸ் மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அது சின்னப்பொண்ணின் மகன் இளவரசன். அம்மாவைப் பார்த்ததும் ஹாரன் இன்னும் கூடியது.

கரும்பு வெட்டப் போகிற வழியில், இடுப்பில் துண்டும் கையில் அரிவாளுமாக வந்திருந்தாள் சின்னப்பொண்ணு. பால்வாடி வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"பொங்கல் கழிச்சி பையன வேன்ல அனுப்பலாம்னு இருக்கறம் டீச்சர். இங்க ஆடிக்கினேதான இருக்குதுங்க. அங்க எழுதுதுங்களாம்."

ஜூன் மாதத்தில் பதினான்கு பிள்ளைகள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன் ஊருக்குள் வர ஆரம்பித்ததும் ஐந்து போயிற்று. இன்னும் குறைந்தால் பக்கத்து ஊர் மையத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. அந்த ஊர் வாய்க்காலுக்கு அப்பால். மூன்று வயதுப் பிள்ளை நடந்து போகிற தூரமில்லை. வேனுக்கும் வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அப்புறம் கரும்புக் கொல்லை வரப்பில்தான் உட்கார்ந்திருக்கும். செல்விக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் யார் கேட்டாலும் சொல்வதற்கு ஒரு பாடத்தை நெட்டுருப் போட்டு வைத்திருந்தாள்.

தட்டை எடுத்துவந்து காட்டினாள். புளியங்கொட்டை, ஆமணக்குக் கொட்டை, கல்வராயன் மலையிலிருந்து வந்த கடுக்காய், எல்லாம் கலந்து கிடந்தன. "ஒங்க பையன் கண்ண மூடிக்கினு தடவிப் பாத்தே எது இன்னா கொட்டன்னு பிரிச்சிடுவான். எது ஜாஸ்தி எது கம்மின்னு எண்ணாமலே சொல்லுவான். இப்புடிப் பொறுக்கிப் பொறுக்கி வெரலுக்குப் பலம் வந்தாத்தான் நாளைக்குப் பென்சில் நிக்கும். இது வெளாட்டு இல்ல. இதான் படிப்பு."

சின்னப்பொண்ணு முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா நெசமாத்தான் இருக்கும் டீச்சர். அப்ப ஒங்க பாப்பா ஏன் வேன்ல போவுது?" என்றாள்.

குத்திக்காட்டிக் கேட்டிருந்தால் செல்வி பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பாள். சின்னப்பொண்ணு தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். செல்வி தட்டிலிருந்த கொட்டைகளைக் கூட்டிக் கூட்டி வைத்தாள். உள்ளே சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் ராஜாம்பாள், இதெல்லாம் காதிலேயே விழாதவள் போலக் குனிந்துகொண்டாள்.

மகள் இலக்கியாவுக்கு நாலரை வயது. எல்.கே.ஜி. படிக்கிறாள். வேனில் அனுப்பச் சொன்னது புருஷன் தனசேகரன்தான் என்றாலும், செல்வி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னவளில்லை. டையும் ஷூவும் போட்டு மகள் நிற்கிற படத்தை அவன் ஸ்டேட்டஸில் வைத்தபோது இவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு ரயிலாகவும் யானையாகவும் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சொந்தப் பிள்ளையிடம் அவள் பேசுகிற பேச்சு "போய் எழுது" என்பது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் குழம்புக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள், "பாப்பா, மூணு வெங்காயம் எடுத்தா" என்றாள். இலக்கியா கூடையோடு கொண்டுவந்தாள். "மூணு போதும். எண்ணி வை." பிள்ளை மூன்றை எடுத்து வரிசையாக வைத்தது. ஒன், டூ, த்ரீ என்று தொட்டது. அதோடு நிற்கவில்லை. ஃபோர், ஃபைவ் என்று மறுபடி முதல் வெங்காயத்துக்கு வந்தது. சுற்றிச் சுற்றித் தொட்டு ஐம்பது வரைக்கும் போய்விட்டுக் கைதட்டலுக்காக நிமிர்ந்து பார்த்தது. ஒரு எண் தப்பவில்லை. மூன்று வெங்காயமும் அப்படியே இருந்தன.

செல்வி கைதட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பழியை வெங்காயத்தின் மேல் போட வழியில்லை, இன்னும் ஒன்றைக்கூட அவள் உரிக்கவில்லை. வேறு எந்தப் பிள்ளையாவது இப்படி எண்ணியிருந்தால் அவளுக்குப் பதற்றமே வந்திருக்காது. பத்து நாள் கொட்டையும் மூடியும் வைத்து ஆடினால் சரியாகிவிடும் என்று தெரியும். தெரிந்த ஒன்றைத் தன் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காமல் விட்டுவிட்டோமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

மோட்டார் காயில் கட்டுகிற கடையைச் சாத்திவிட்டுத் தனசேகரன் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள். "நாளையிலருந்து பாப்பா என்கூட வரட்டும்."

"இன்னா பேசற நீ? டை கட்டிக்கினு போற புள்ளைய இட்டுக்கினு போயி கரும்பு வெட்றவங்க புள்ளைங்களோட உக்கார வெக்கப் போறியா?"

"அந்தப் புள்ளைங்களோடதான் நானும் தெனம் உக்காந்துகினு இருக்கறன்."

"ஊரு வாய மூடறதுக்கு எம்பொண்ணப் பணயம் வெக்காத."

அது பாதி உண்மை என்பதால் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் இறங்கி வரவில்லை. சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், நின்ற இடத்திலேயே நின்றாள். கடைசியில் அவன்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பொங்கல் வரைக்கும் பாப்பன். ஒண்ணும் ஆவலன்னா நானே வேன்ல ஏத்திடுவன். அப்ப குறுக்க வரக் கூடாது" என்றான்.

"அப்பவும் குறுக்க வருவன்" என்றாள் செல்வி.

மறுநாள் வேன் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. இலக்கியா அழுதுகொண்டேதான் பால்வாடிக்கு வந்தாள். வந்தவள் சுவரோரம் போய்ச் சம்மணமிட்டாள். ஒரு கையைக் கட்டிக்கொண்டு மறு கையின் விரலை உதட்டில் வைத்தாள். அம்மாவை மிஸ் என்று கூப்பிட்டாள். இளவரசன் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் கொண்டுவந்து மடியில் போட்டான். அது போட்டபடியே கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. "கட்டிப்போட்ட மாதிரி இல்ல உக்காந்துகினு இருக்குது" என்றாள் ராஜாம்பாள்.

மூன்றாம் நாள் செல்விக்குப் பொறுமை போயிற்று. சின்னப்பொண்ணு சாலையில் வருவதைப் பார்த்தாள், பார்த்ததும் புத்தி கெட்டுவிட்டது. இலக்கியாவின் கையைப் பிடித்து இழுத்து ரயிலில் சேர்த்தாள். "ஆடு பாப்பா. ஆடுன்னு சொல்றன் இல்ல." பிள்ளை வீறிட்டு அழ, ரயில் நின்றுபோயிற்று. வேலி ஓரம் நின்று பார்த்த சின்னப்பொண்ணு தன் வழியில் நடந்தாள். எட்டு வருஷ வேலையில் ஒரு பிள்ளையையும் இழுத்து ஆட வைத்ததில்லை செல்வி. முதன்முதலில் தன் பிள்ளையிடமே அதைச் செய்துவிட்டோமே என்று அன்று முழுக்க அவமானமாக இருந்தது. ஆனால் திரும்ப வேனில் அனுப்பவேண்டும் என்று ஒரு நிமிஷமும் தோன்றவில்லை. இனி இழுப்பதில்லை, கூப்பிடுவதுமில்லை, பக்கத்தில் போய் உட்காருவது மட்டும்தான் என்று முடிவு செய்துகொண்டாள்.

அடுத்த வாரம் வெயில் நன்றாக அடித்த ஒரு நாள், வாசலில் பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, டம்ளர், சொம்பு, புனல், ஓட்டை போட்ட பாட்டில் எல்லாம் போட்டுவைத்தாள். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டன. எந்தச் சொம்புக்கு எத்தனை டம்ளர் பிடிக்கும் என்று இளவரசன் பெரிய சண்டையே போட்டுக்கொண்டிருந்தான். செல்வி டப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், தானும் ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. திரும்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

ஒரு சின்னக் கை நீண்டு டம்ளரை எடுத்தது. மொண்டது. சொம்பில் ஊற்றியது. இன்னொரு டம்ளர். மூன்றாவதில் சொம்பு வழிந்து, கவுனெல்லாம் நனைந்து, தண்ணீர் செல்வியின் புடவையிலும் கொட்டிற்று.

இலக்கியா டம்ளரைக் கீழே வைத்தாள். விரைத்து நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

செல்விக்கு முதலில் புரியவில்லை. அடி வாங்க நீட்டிய கை அது என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதம் தினமும் வேனில் ஏற்றிவிட்டு டாட்டா காட்டியிருக்கிறாள். வேலிக்கு வெளியே அரிவாளோடு சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். அவள் பார்வையும் அந்தக் கையின் மேல்தான் இருந்தது. சுற்றியிருந்த பிள்ளைகள், இது என்ன புது விளையாட்டு என்று தாங்களும் கைகளை நீட்டினார்கள்.

செல்வி டம்ளரை டப்பில் முக்கி, விளிம்புவரை நிரப்பி, நீட்டிய அந்தக் கையில் வைத்தாள். இலக்கியா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். தண்ணீர் தளும்பியது. டம்ளரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு, மெல்ல, வேண்டுமென்றே, டம்ளரை அம்மாவின் மடியில் சாய்த்தாள்.