சிவப்பு மை

கலர் மை சும்மா கிடந்தால் காய்ந்து பிறின்டரின் துவாரங்களை அடைத்துவிடும். கடையைத் திறந்ததும் சோமசேகரம் விளக்கேற்ற மறந்தாலும், ஒரு கலர்ப்படம் அடிக்க மறப்பதில்லை. சண்டை தொடங்கியபின் துறைமுக வீதியில் யார் கலியாணப்படம் எடுக்க வருகிறார்கள்? அடையாள அட்டைக்கும் மரண அறிவித்தலுக்கும் கறுப்பு மையே தாராளம்.

இவ்வளவு கவனமாக இருந்தும் அடைத்துக்கொண்டது. மகன் நிரோஜன் காணாமற்போன கிழமையே ஊரடங்கு, கரண்டும் இல்லை. மறுபடி கடை திறந்தபோது சிவப்பு மட்டும் வரவே மாட்டேனென்றது. வெந்நீரில் நனைத்த பஞ்சை மை கசியும் ஹெட்டின் கீழ் வைத்து வைத்து எடுத்தார். அசையவில்லை. மற்ற மைகளாவது காயாதிருக்கட்டும் என்று தினமும் மகனின் படத்தையே அடித்தார்.

கடைசிநாள் காலையில் அவரே எடுத்த படம் அது. சந்தையில் அப்போதுதான் வாங்கிய கத்தரிப்பூ நிறச் சேட்டை மாட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். "மேல் பொத்தானைப் பூட்டடா" என்று அதட்டித்தான் எடுத்தார். அப்படியே சைக்கிளில் சல்லிக் கிராமத்துப் பக்கம் போனவன்தான். சிவப்பில்லாத பிறின்டர் அந்தச் சேட்டை நீலமாக அடித்தது. முகமும் பச்சை பாய்ந்து கிடந்தது.

"பிள்ளை வெளிறிப்போனானப்பா" என்பாள் மனைவி பூரணி. அந்தச் சேட்டை அவள் படத்தில் மட்டும்தான் கண்டாள். ஈரம் காயமுன் படத்தை வாங்கிக்கொண்டு ஆமி முகாம் வாசல்களில் போய் நிற்பாள். நிறம் பிழை என்று சொல்ல அவருக்கு வாய்வரை வரும். சிவப்பு வந்தபிறகு சொல்லலாம் என்று விழுங்கிக்கொள்வார்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள். உடலைப் பார்த்து அடையாளம் காண ஏலாது என்று சேட்டை மட்டும் மேசையில் விரித்தார்கள். பக்கவாட்டில் வெட்டிக் கழற்றிய சேட்டு. கத்தரிப்பூ நிறம். மேல் பொத்தான் பூட்டியபடியே இருந்தது.

பூரணி கைப்பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். "இது இல்லை. என்ர பிள்ளையின்ர சேட்டு நீலம். சொல்லுங்கோவனப்பா."

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் மாதக்கணக்கில் காணவில்லை.

"ஓம்," என்றார். "நீலம்தான்."

யாரும் பொறுப்பெடுக்காத உடல்களை ஆஸ்பத்திரிக்காரரே புதைப்பார்களாம். வாசலில் எவரோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பெற்ற மகனுக்குக் கொள்ளி வைக்கவும் கொடுத்துவைக்காதவன் ஆகிவிட்டேனே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நெஞ்சு வெடித்தது. பக்கத்தில் பூரணி அவர் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் அவளும் கூடவே கடைக்கு வந்துவிட்டாள். "படத்தை அடியுங்கோ, புல்மோட்டைப் பக்கமும் போய்ப் பார்க்கப்போறன்."

ஆஸ்பத்திரி அவசரத்தில் முதல்நாள் வைத்த பஞ்சை அப்படியே விட்டுப்போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தார். நடுவில் சின்னதாகச் சிவப்பு ஊறியிருந்தது. அதற்குமேல் எதையும் யோசிக்க அவரால் முடியவில்லை. பழகிய கை பட்டனை அமத்திவிட்டது.

கரகரவென்று தாள் நகர்ந்தது. முதலில் முடி. பிறகு நெற்றி, கண், கன்னம்.

"இஞ்ச பாருங்கோ! முகத்தில ரத்தம் ஓடுது!" பூரணி இரண்டு கையையும் பிறின்டருக்கு முன்னால் ஏந்தினாள். "நான் சொன்னனான்தானே, அவன் உயிரோட இருக்கிறான்."

தாடை முடிந்து கழுத்து வந்துகொண்டிருந்தது. சோமசேகரத்தின் கை சுவிட்சை நோக்கிப் போய், பாதியில் நின்றது. பூட்டிய மேல் பொத்தானும், அதன் இரு பக்கத்திலும் கொலரின் கத்தரிப்பூ நிற முதல் வரியும் அவள் உள்ளங்கைக்குமேல் மெல்ல இறங்கின.